டிஸ்க் இல்லைன்னு சொன்னா உடனே நம்பாதீங்க

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரல. இன்னைக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம்தான். ஆனா கம்ப்யூட்டர் வச்சிருக்கிற எல்லாருக்கும் என்னைக்காவது ஒருநாள் உதவும். பொறுமையா படிங்க மக்கா.

2025 நவம்பர்ல ஒரு சனிக்கிழமை. காலங்காத்தால சித்தப்பா போன். கோவில்பட்டியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார், கூடவே கல்யாணப் பத்திரிகை டிசைனும் செய்வார்.

"ஏல, லேப்டாப் போச்சுல. டிஸ்க் செத்துருச்சாம். புதுசு மாத்த 5,000 ரூவா சொல்லுதான்."

லேப்டாப்ல பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு, நேரா கரண்ட்லதான் ஓடும். விண்டோஸ் அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருக்கு. அதுக்கப்புறம் பூட் ஆகல. சர்வீஸ் கடைக்காரர், எப்படியும் விண்டோஸ் 10க்கு ஆதரவு அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சேன்னு, புதுசா விண்டோஸ் 11 போடப் பாத்திருக்கார். எந்த டிஸ்க்ல போடணும்னு கேக்கிற திரையில பட்டியல் காலி. 'டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, ஸ்டோரேஜ் டிரைவருக்கு லோட் டிரைவரை அழுத்தவும்'னு ஒரு வரி. அவ்வளவுதான், டிஸ்க் செத்துப்போச்சுன்னு தீர்ப்பு எழுதிட்டார்.

அந்த டிஸ்க்ல கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஒத்துக்கிட்ட ஒன்பது பத்திரிகை இருந்தது. ரெண்டுக்கு அட்வான்ஸும் வாங்கியாச்சு.

"லேப்டாப்பை வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க சித்தப்பா, நான் பாக்கறேன்"னேன். பென்டிரைவும் கையுமா வந்து உக்காந்தார். நான் வீடியோ கால்ல. அதே காலித் திரை. ஒரு நிமிஷம் இருங்கன்னு சொல்லிட்டு அந்த மாடலைப் பத்தித் தேடிட்டு இருந்தேன். அதுக்குள்ள சந்தோஷமா ஒரு குரல்:

"இப்ப காட்டுதுல! 931 ஜிபி. ஃபார்மட் குடுத்துரவா?"

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. ஏன்னா லேப்டாப்ல இருக்கிறது 512 ஜிபி டிஸ்க். மனுஷன் என்ன பண்ணியிருக்கார்னா, திரையில 'டிரைவர்'னு இருந்ததை 'டிரைவ்'னு படிச்சுட்டு, கேக்குதேன்னு தன்னோட 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்கை எடுத்துச் சொருகிட்டார். பத்து வருஷ பேக்கப் அதுலதான். யூஎஸ்பி டிஸ்க்ல விண்டோஸ் போட முடியாதுன்னு அந்தத் திரை தடுத்திருக்கும், சரி. ஆனா ஃபார்மட் பட்டன், டெலீட் பட்டன் ரெண்டும் தாராளமா வேலை செய்யும். ஒரே ஒரு கிளிக், பத்து வருஷம் காலி.

"சித்தப்பா, கையை எடுங்க! முதல்ல அதைப் பிடுங்குங்க!"ன்னு நான் கத்தின கத்துல பக்கத்து ரூம்காரன் முழிச்சுட்டான்.

அப்புறம் நடந்தது சாதாரணக் கதை. பயாஸுக்குள்ள போகச் சொன்னேன். அங்க எஸ்எஸ்டியோட பேரும் அளவும் தெளிவா இருந்தது. பயாஸுக்குத் தெரியுற டிஸ்க் இன்ஸ்டாலருக்கு மட்டும் தெரியலன்னா, முதல் சந்தேகம் டிரைவர் மேலதான் வரணும். அது இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசர். அந்தத் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்ல விஎம்டின்னு ஒரு கன்ட்ரோலர் இருக்கு. அது ஆன்ல இருந்தா எஸ்எஸ்டி அதுக்குப் பின்னால போய் உக்காந்துக்கும். வாசல்ல நிக்கிற ஆள்கிட்ட பேசத் தெரியாத இன்ஸ்டாலருக்கு, உள்ள இருக்கிற டிஸ்க் தெரியவே தெரியாது.

பயாஸ்ல விஎம்டியை அணைச்சும் போடலாம். ஆனா ஏற்கெனவே விண்டோஸ் ஓடிட்டு இருக்கிற மெஷின்ல, முன்னேற்பாடு இல்லாம அதை மாத்தினா பழைய விண்டோஸ் நீலத்திரை காட்டிப் படுத்துக்கலாம். பிட்லாக்கர் போட்டிருந்தா ரெகவரி கீ கேக்கலாம். அதனால டிரைவர் வழியே போனோம். பக்கத்து பிரவுசிங் சென்டர்ல இன்டெல்லோட ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வந்தார். லோட் டிரைவர் கொடுத்தா, டிரைவர் எதுவும் இல்லைங்குது. காரணம், இறக்கினது ஒரே ஒரு எக்ஸிஇ. இன்ஸ்டாலருக்கு வேண்டியது அதுக்குள்ள இருக்கிற ஐஎன்எஃப் கோப்பு. திரும்பவும் சென்டருக்கு ஓட்டம். அங்க கமாண்ட் பிராம்ப்ட்ல அந்த எக்ஸிஇயை, பக்கத்துல எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்னு ஆப்ஷன் கொடுத்து ஓட விட்டு, வந்த ஃபோல்டரை எடுத்துட்டு வந்தார். இந்தத் தடவை 476.9 ஜிபின்னு டிஸ்க் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. சி பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் பண்ணினோம். டிசைன் எல்லாம் டி-யில பத்திரமா இருந்தது. ஒன்பது பத்திரிகையும் தப்பிச்சது.

இப்ப என் ஆதங்கத்துக்கு வரேன்.

டிரைவர் இல்லாததை நான் குத்தம் சொல்லல. இன்ஸ்டாலர் தயாரான பிறகு புது சிப் வரும். உலகத்துல இருக்கிற எல்லா டிரைவரையும் ஒரு பென்டிரைவ்ல அடைக்க முடியாது. ஆனா தெரிஞ்சதைச் சொல்லலாமில்ல? பிசிஐ பஸ்ல இருக்கிற எந்தச் சாதனமும், டிரைவர் இல்லாட்டியும், தான் எந்தக் கம்பெனி, என்ன எண், என்ன வகைன்னு சொல்லிரும். இன்டெல்லுக்கு 8086. வகை எண் 01ன்னு ஆரம்பிச்சா அது ஸ்டோரேஜ். அதாவது அந்த வாசல்ல ஒரு ஆள் நிக்கிறான்கிற விஷயத்தை அந்த நிமிஷமே இன்ஸ்டாலரால கண்டுபிடிக்க முடியும். 'இன்டெல் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஒண்ணு இருக்கு, அதுக்கு என்கிட்ட டிரைவர் இல்லை, டிஸ்க் நல்லாவும் இருக்கலாம்'னு மூணே வரி போட்டிருந்தா சித்தப்பா எதையும் சொருகியிருக்க மாட்டார்.

முடியாததும் இல்லை. உபுண்டு 20.04 இன்ஸ்டாலர் இதே மாதிரி இடத்துல, 'இந்தக் கணினியில் ஆர்எஸ்டி ஓடுகிறது, அதை அணைத்துவிட்டு வாருங்கள்'னு பேர் சொல்லிச் சொல்லுச்சு. எப்படின்னு போன்ல திறந்து படிக்க ஒரு முகவரியும் கொடுத்துச்சு. முன்னால உக்காந்திருக்கிறவன்கிட்ட அந்த நேரத்துல ஓடுற கம்ப்யூட்டர் இல்லைன்னு யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்கார், பாருங்க.

இது பரம்பரை வியாதி. எக்ஸ்பி காலத்துல சாட்டா டிரைவருக்கு ஆரம்பத்துலயே எஃப்6 தட்டி ஃபிளாப்பியைக் கொடுக்கணும், இல்லைன்னா 7பி-ன்னு முடியுற நீலத்திரைன்னு எங்க காலேஜ் லேப் அண்ணன் சொல்லுவார். 2016ல ஹாஸ்டல்ல நாங்க பென்டிரைவ்ல விண்டோஸ் 7 போட்டப்போ, 'சிடி டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை'ன்னு வந்துச்சு. அந்த லேப்டாப்ல சிடி டிரைவே கிடையாது! அரை நாள் மண்டையை உடைச்சோம். கடைசியில ஒரு சீனியர், "நீல ஓட்டையில இருந்து பிடுங்கி கறுப்பு ஓட்டையில சொருகுடா"ன்னுட்டுப் போனார். வேலை முடிஞ்சது. 2009ல வந்த விண்டோஸ் 7க்கு யூஎஸ்பி 3.0 தெரியாது, அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லாம இல்லாத சிடி டிரைவை இழுத்து விட்டுச்சு.

ரொம்ப யோக்கியன் மாதிரி பேசறேனேன்னு நினைக்காதீங்க. திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் என் கோடைத் திறந்து பாத்தேன். 'ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்'னு நானே எழுதி வச்சது நாலு இடத்துல இருந்தது. நாலுலயும் என்ன தவறுன்னு என் கோடுக்கு நல்லாத் தெரியும். யூசருக்குப் புரியாதுன்னு நானா முடிவு பண்ணி மறைச்சிருக்கேன். புரியாம போறது அவங்க பிரச்சினை இல்லை, என் சோம்பேறித்தனம். அன்னைக்கே நாலையும் மாத்தி எழுதினேன்.

பொட்டி தட்டுற சக பதிவர்களே, எர்ரர் மெசேஜ் எழுதும்போது ஒரு சித்தப்பாவை மனசுல வச்சுக்குங்க. கையில பேக்கப் டிஸ்கோட, யாரையும் கேக்க முடியாம உக்காந்திருப்பார். நாம எழுதின அந்த ஒரு வரிதான் அவருக்கு இருக்கிற ஒரே துணை.

பி.கு: டிஸ்க் இல்லைன்னு வந்தா முதல்ல பயாஸ்ல பேர் தெரியுதான்னு பாருங்க. அதுக்கும் முன்னால, மத்த டிஸ்க் எல்லாத்தையும் கழட்டி தூர வைங்க. சித்தப்பா அந்த 5,000 ரூபாயில புது பேட்டரி போட்டுட்டார் :-)