ஈறில் ரத்தம் வருதா? சுகர் டெஸ்ட் எடுத்தாச்சா?

பல் தேய்த்துவிட்டுத் துப்பும்போது வாஷ்பேசினில் லேசாக ஒரு சிவப்பு. ‘பிரஷ் குத்திடுச்சு போல’ என்று தண்ணீரை ஊற்றிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள் பலர். இதே ரத்தம் காதிலிருந்து வந்தால் அப்படி விட்டுவிடுவார்களா?

ஆரோக்கியமான ஈறில் சாதாரணமாகத் தேய்த்தால் ரத்தம் வராது. வருகிறது என்றால் அங்கே வீக்கம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உலகம் முழுக்க 100 கோடிக்கும் அதிகமானோருக்குத் தீவிர ஈறு நோய் இருக்கிறது. ஆனால் பல் சொத்தை போல இது வலித்துக் காட்டிக்கொடுக்காது. அதுதான் சிக்கலே.

உள்ளே என்ன நடக்கிறது?

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பாக்டீரியா படலம் தினமும் படியும். துடைத்தெடுக்காவிட்டால் சில நாட்களிலேயே காரையாக இறுக ஆரம்பிக்கும். அதன்பின் பிரஷ்ஷுக்கு அசையாது. முதலில் ஈறு சிவந்து வீங்கும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். விட்டால், ஈறு பல்லை விட்டு விலகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது.

ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. தொடாத இடத்தில்தானே அழுக்கு சேரும்? சிகரெட் பிடிப்பவர்கள் கதை வேறு. நிகோடின் ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் முற்றினாலும் ரத்தம் வராமல் இருக்கலாம். ‘எனக்கு ரத்தமே வந்ததில்லை’ என்பது அவர்களுக்கு நல்ல செய்தி இல்லை.

சுகருக்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் எளிதில் வரும், வேகமாக முற்றும். ஈறின் அழற்சி திரும்ப இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். 2022-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை கொடுத்தபோது மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்தது. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் இது பல் சுத்தம் செய்ததில் கிடைத்த லாபம்!

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-ல் சொன்னது. தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சுகர், பிபி மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. சுகர் செக்கப் என்றால் ரத்தம், கண், கால், கிட்னி எனப் பட்டியல் நீள்கிறது; வாயைத் திறக்கச் சொல்பவர்கள் குறைவு. கதவைத் தட்டும் ஊழியர் ‘ஈறில் ரத்தம் வருதா?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க என்ன செலவாகிவிடும்?

கிளீனிங் செய்தால் பல் ஆடுமா?

ஆடாது. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரை மூடி மறைத்திருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரியும், சில நாள் கூச்சம் இருக்கும். பழி மட்டும் டாக்டர் மேல்!

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, காலையும் இரவும் இரண்டு நிமிடம். பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் அல்லது அதற்கான குட்டி பிரஷ். சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீர் வீக்கத்துக்கு இதமாக இருக்கும், காரையைக் கரைக்காது.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை, பல் நீளமாகத் தெரிகிறது, ஆடுகிறது என்றால் உடனே பல் மருத்துவரைப் பாருங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்லோடிபின் போன்ற சில பிபி மாத்திரைகளாலும் சிலருக்கு ஈறு வீங்கும்.