வாசலில் பறிக்கப்பட்ட தண்ணீர்

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ரோம் என்றொரு சிறு நகரம் உண்டு. அந்நகரில் மூடப்பட்டுக் கிடந்த ஒரு விமானப்படைத் தளத்தில் 1999 ஆம் ஆண்டு யூலை மாதம் 22 ஆம் திகதி முதல் 25 ஆம் திகதி வரை 'வூட்ஸ்ரொக்' என்னும் இசைவிழா நடைபெற்றது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களும் யுவதிகளும் அங்கே கூடாரமடித்துத் தங்கினர். வெப்பம் 38 பாகை செல்சியஸை எட்டிய நாட்கள் அவை. அவர்கள் கையோடு கொண்டு வந்த தண்ணீரை வாசலில் நின்ற காவலர்கள் பறித்துக்கொண்டனர். உள்ளே ஒரு சிறு போத்தல் தண்ணீர் நான்கு டொலருக்கு விற்கப்பட்டது. அன்றைய நாணய மாற்றில் அது ஏறத்தாழ 280 ரூபா.

காணியையும் கிணற்றையும் விட்டு வந்து, பவுசர் வரும் நேரம் பார்த்து வாளிகளை வரிசையில் வைக்கும் எமது வாசகர்களுக்கு அமெரிக்க இளைஞரின் இசைவிழாவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நிறைய இருக்கிறது என்பதே எமது எண்ணம். வெயிலும் சனக்கூட்டமும் ஒரே வேலிக்குள் அகப்படும்போது தண்ணீரை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அந்த நான்கு நாட்கள் இக்கேள்வியை வெளிச்சம் போட்டுக் காட்டின.

முதலில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே பெயரில் முதலாவது விழா 1969 ஓகஸ்ற் 15 முதல் 18 வரை, பெதல் என்னும் கிராமத்தில், மக்ஸ் யாஸ்கர் என்ற கமக்காரரின் நிலத்தில் நடந்தது. பசு வளர்த்துப் பால் விற்றுச் சீவித்தவர் அவர். வேறோர் ஊரில் அனுமதி மறுக்கப்பட்டு அமைப்பாளர்கள் தவித்தபோது தமது புல்வெளியை வாடகைக்குக் கொடுத்தார். அயலவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய பாலை வாங்காதீர்கள் என்று பலகை எழுதி நாட்டினார்கள். நாலு இலட்சம் சனம் வந்து குவிந்தது, மழை பெய்தது, புல்வெளி சேறாயிற்று. அவ்வேளையில் அயலில் சிலர் வழிப்போக்கரான இளைஞருக்குத் தண்ணீரை விற்கிறார்கள் என்ற செய்தி யாஸ்கரின் காதுக்கு எட்டியது. அவர் மேசையில் ஓங்கிக் குத்தி, தண்ணீருக்கு யாராவது காசு கேட்பார்களா என்று கோபித்தாராம். பின்னர் வீதியோரத்தில் இருந்த தமது மாட்டுத் தொழுவத்தில் 'தண்ணீர் இலவசம்' என்று பெரிதாக எழுதிப் போட்டார். இத்தனைக்கும் அந்த இளைஞர்களின் அரசியலோடு அவருக்கு உடன்பாடு இல்லை. அவர் வியட்நாம் போரை ஆதரித்தவர், அவர்களோ எதிர்த்தவர்கள். விழாவால் ஏற்பட்ட சேதத்துக்காக அயலவர்கள் அவர்மீது வழக்கும் போட்டார்கள். 1971 இல் பண்ணையை விற்றார். 1973 இல் மாரடைப்பால் இறந்தார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

1999 இல் இடத்தைத் தெரிவுசெய்த விதத்திலேயே பிழை தொடங்கிவிட்டது. 1994 இல் நடந்த விழாவில் வேலி விழுந்து பெருந்தொகையானோர் நுழைவுச் சீட்டு இல்லாமல் உள்ளே புகுந்துவிட்டனர். இம்முறை அப்படி நடக்கக்கூடாது என்று, வேலி போட வசதியான, சமதரையான, தார்விரித்த ஓடுபாதைகள் நிறைந்த விமானத்தளத்தைத் தேடிப் பிடித்தார்கள். சீட்டில்லாதவனைத் தடுப்பதற்கு நல்ல இடம். மனிதர் இருப்பதற்கு அல்ல. விமானம் இறங்கும் இடத்தில் மரம் நிற்குமா? இரண்டு மேடைகளுக்கும் இடையே ஒரு மைலுக்கு மேற்பட்ட தூரம். அதைத் தகிக்கும் தாரின்மேல் நடந்தே கடக்க வேண்டும். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு தார் வீதியைக் குறுக்கறுத்தவர்களுக்கு அந்தச் சூட்டைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. புல்லும் மண்ணும் மாலையில் ஆறிவிடும். தார் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவிலும் கக்கிக்கொண்டிருக்கும்.

இலவசத் தண்ணீர்க் குழாய்களும் இருந்தன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வந்த கூட்டத்துக்கு அவை போதவில்லை. நெடுநேரம் வரிசையில் நின்று பொறுமை இழந்தவர்கள் குழாய்களை உடைத்தார்கள். தண்ணீர் வீணாக ஓடித் தரை சேறானது. மலசலகூடங்களும் நிரம்பி வழிந்து அந்தச் சேற்றோடு கலந்தன. அதை வெறும் சேறு என்று நினைத்து அதில் புரண்டு விளையாடியவர்களும் உண்டு. நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் மயங்கி மருத்துவக் கூடாரங்களுக்குத் தூக்கிச் செல்லப்பட்டனர். நெரிசலின் நடுவே சரிந்து விழுந்த ஓர் இளைஞர் இரண்டு நாட்களின் பின் மருத்துவமனையில் உயிரிழந்தார். அவருடைய உடல் தாங்கமுடியாத அளவுக்குச் சூடேறியிருந்தது.

விலையைப் பற்றிக் கேட்டபோது, உணவும் பானமும் விற்கும் உரிமையைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம், அதற்கு மேல் எம் கையில் ஒன்றுமில்லை என்ற விதமாக அமைப்பாளர் தரப்பு பதில் சொன்னது. இந்தப் பதிலை எமது மக்கள் எத்தனையோ வாசல்களில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார்கள். பொறுப்பைக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது என்பது எமது நிலைப்பாடு. கொண்டுவந்த தண்ணீரை வாசலில் எவர் பறிக்கிறாரோ, உள்ளே தண்ணீர் கொடுக்கும் கடமை அந்தக் கணத்திலேயே அவர் தலையில் விழுகிறது. தடை போட்டவரும் விலை வைத்தவரும் வேறு வேறு ஆட்கள் என்று சொல்வது தாகத்தோடு நிற்பவனுக்குப் பதில் ஆகாது.

கடைசி இரவில் தீ மூண்டது. துப்பாக்கி வன்முறைக்கு எதிரான அஞ்சலியாக ஏற்றும்படி கொடுக்கப்பட்ட மெழுகுதிரிகளால் கூட்டத்தினர் குப்பையையும் பலகை வேலியையும் கொளுத்தினர். விற்பனைக் கூடாரங்களும் வண்டிகளும் எரிந்தன. காசு எடுக்கும் இயந்திரங்கள் உடைக்கப்பட்டன. பொலிசார் வந்து அடக்கும்வரை நீடித்தது. இக்காலத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய காட்டுக்கத்தல் இசையும் இப்படித்தான் என்று பெரியவர்கள் பலர் அன்று சொன்னார்கள். நாம் அதை ஏற்கவில்லை. அதைவிட உரத்த இசை எத்தனையோ இடங்களில் இசைக்கப்பட்டு, சனம் அமைதியாக வீடு திரும்பியிருக்கிறது. மூன்று நாள் வெயிலில் காய்ந்து, நாற்றத்தில் படுத்து, தாகத்துக்குக் காசு கொடுத்து வெறுத்த கூட்டம் அது. ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். அந்த நாட்களில் யுவதிகள் பலர் கூட்டத்தின் நடுவே மானபங்கப்படுத்தப்பட்டார்கள். பாலியல் வல்லுறவு முறைப்பாடுகளும் பதிவாயின. அதற்கு வெயிலைச் சாட்டு சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அதே வெயில்தான் அந்தப் பெண்களின் தலையிலும் எறித்தது.

வெயில் எப்படிக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். தகரக் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் மதியத்தைக் கழிக்கும் குடும்பங்களுக்கு இது உதவும். எமது உடல் வியர்வையால் தன்னைக் குளிரச் செய்கிறது. வியர்வை வடிந்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டைக் கொண்டு போகும். நெருக்கமான கூட்டத்துக்குள் காற்று நுழையாது. காற்றில் ஈரம் மிகுந்தாலும் வியர்வை காயாது. வயலில் தனியே நின்று வெட்டுபவர் சமாளித்துவிடும் வெயிலில், கூட்டத்தில் நெரிபட்டு நிற்பவர் விழுந்துவிடுவது இதனால்தான். மதுபானம் உடலின் நீரை மேலும் வெளியேற்றும். தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு என்பன முதல் எச்சரிக்கைகள். அந்த நிலையில் நிழலும் ஓய்வும் உப்புச் சேர்ந்த தண்ணீரும் போதும். ஜீவனி கிடைக்காவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் அதுவே மருந்து. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டி, ஆள் தடுமாறி, பேச்சுக் குழறத் தொடங்கிவிட்டால் அது வேறு. குடித்துவிட்டு உளறுகிறான் என்று எண்ணி விலகிப் போகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உடனே நிழலுக்குத் தூக்கி, மேலாடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலும் நனைத்துக்கொண்டே போகவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். அனர்த்தங்களில் உதவும் தொண்டு நிறுவனங்கள் 1997 இல் 'ஸ்பியர்' என்ற திட்டத்தைத் தொடங்கி, முகாம்களுக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுத்தன. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், இருப்பிடத்திலிருந்து 500 மீற்றருக்குள் தண்ணீர் என்பன அவற்றுட் சில. இரண்டு இலட்சம் பேருக்கு இதன்படி 800 குழாய்கள் வேண்டும். குளிப்பதையும் சமைப்பதையும் விட்டுவிட்டு, குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லீற்றர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஆறு இலட்சம் லீற்றர். ஐயாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசரில் 120 தடவை. பெருந்தொகைதான். ஆனால் எவ்வளவு சீட்டு விற்றோம் என்று அறிந்தவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அறிவது கடினமா?

இந்தக் கணக்கை எழுதும்போது செட்டிகுளத்து மெனிக் பாம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 2009 இல் வவுனியாப் பகுதி முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எமது சனம் முட்கம்பிக்குள் இருந்தது. அந்த இசைவிழாவுக்கு வந்த கூட்டத்துக்கு ஒப்பான தொகை. அங்கும் மரம் வெட்டிய வெளி. அங்கும் தண்ணீர் வரிசை. ஆனால் ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. அமெரிக்க இளைஞர் விரும்பிச் சீட்டு வாங்கிப் போனவர்கள், திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்க் குளித்தவர்கள். எமது மக்கள் விரும்பிப் போகவில்லை. அந்த ஆண்டு டிசெம்பர் வரை சுதந்திரமாக வெளியேறவும் முடியவில்லை. முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். வாசலுக்குக் காவல் போட்டவனுக்கே தண்ணீர்க் கடன் என்ற கணக்கு அங்கே இன்னும் எத்தனை மடங்கு பாரமாகிறது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் கிளாஸ்ரன்பரி என்ற இசைவிழா ஐந்து நாட்கள் நடக்கும்; ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கூடுவர். அதுவும் ஒரு பாற்பண்ணையிலேயே நடக்கிறது. மைக்கல் ஈவிஸ் என்ற கமக்காரர் 1970 இல் ஒரு பவுண் கட்டணத்தில் தொடங்கியபோது, வந்தவர்களுக்குப் பண்ணைப் பாலை இலவசமாகக் கொடுத்தார். 2017 இல் அங்கே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிளாஸ்ரிக் போத்தல்கள் விற்பனையாகின. 2019 இல் அந்த விற்பனையையே நிறுத்திவிட்டு, நூற்றுக்கணக்கான இலவசக் குழாய்களில் மக்கள் தாமே நிரப்பிக்கொள்ளச் செய்தார்கள். அந்த ஆண்டும் வெயில் கடுமையாகவே இருந்தது. இன்னொன்றும் எமது கமக்காரருக்குப் பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி நிலத்தைத் தரிசு விடுகிறார்கள். 2018 அப்படியோர் ஆண்டு. புல்லுக்கும் பசுவுக்கும் ஓய்வு வேண்டும் என்பது பட்டி வைத்திருப்பவனுக்குத்தானே தெரியும்!

எமது மண்ணுக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் சுமைதாங்கியும் கேணியும் மடமும் ஒன்றாக இருந்தன. மாடு உரோஞ்சக்கூடக் கல் நட்டு வைத்தார்கள். நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவில் வீதியெங்கும் தாகசாந்தி நிலையங்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் சமயம் என்று கேளாமல் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்க்கிறார்கள். ஆயினும் அண்மைக் காலத்தில் எமது ஊர் விழாக்களிலும் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்திலேயே போத்தல் தண்ணீர்க் கடை முளைத்திருப்பதைக் காண்கிறோம். கடை இருக்கட்டும். பந்தலின் கிடாரம் மத்தியானத்திலேயே காலியாகி, கடை மட்டும் இரவுவரை திறந்திருப்பதுதான் எமக்கு உறுத்துகிறது.

1999 இல் கற்ற பாடத்தை உலகம் மறக்கவும் அதிக காலம் செல்லவில்லை. 2023 நவம்பர் 17 ஆம் திகதி பிறேசிலின் றியோ டி ஜெனீரோவில், கொடும் வெப்ப அலையின் நடுவே நடந்த இசை நிகழ்ச்சி ஒன்றில் ஓர் இளம் பெண் மயங்கி விழுந்து இறந்தார். வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர விடவில்லை என்று இரசிகர்கள் முறையிட்டனர். மறுநாளே அந்நாட்டின் நீதி அமைச்சர் ஓர் உத்தரவை அறிவித்தார்: நிகழ்ச்சிக்கு வருவோர் தமது தேவைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரலாம், வெப்பம் மிகுந்த நாட்களில் அமைப்பாளர்கள் குடிநீரை இலவசமாகவும் வழங்க வேண்டும். அறிவிக்க ஒரு நாள் போதுமாக இருந்தது.

ஓகஸ்ற் மாதத்து விழாக்களுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் கூட்டம் கூட்டவிருக்கும் கிராமச் சங்கங்களும் ஆலய சபைகளும் ஒலிபெருக்கிக்கு ஆள் பிடிப்பதற்கு முன் பவுசருக்கு ஆள் பிடிக்கட்டும். வெளியே வாசலிலும் ஒரு கிடாரம் இருக்கட்டும். வரிசையில் நிற்பவர்களுக்கும் தாகம் உண்டு. போத்தலோடு வரும் தாயிடம் அதை வாங்கி வைக்கும்படி தொண்டர் எவருக்கும் சொல்ல வேண்டாம்.