தாம்பூலமும் முகூர்த்தமும்

ஒரு ஆளை வேலைக்கு வைப்பதற்குச் சர்க்கார் இங்கிலீஷில் இரண்டு வினைச்சொற்கள் உண்டு. ஒன்று 'அப்பாயின்ட்', மற்றது 'என்கேஜ்'. அகராதியைப் புரட்டுகிறவர்கள் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே என்பார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே கௌரவ விரிவுரையாளராக இருக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள், வித்தியாசத்தை அவர் சொல்லுவார். அப்பாயின்ட் ஆனவருக்கு மாதாமாதம் சம்பளம், இன்கிரிமென்ட், லீவு எல்லாம் உண்டு. என்கேஜ் ஆனவருக்கு வருஷத்தில் 11 மாதத் தொகுப்பூதியம்; மே மாதம் அவர் குடும்பத்துக்கு வயிறு கிடையாது போலிருக்கிறது! இருவரும் நடத்துவது ஒரே பாடம், ஒரே பையன்களுக்கு.

என்கேஜ் என்பதன் பூர்வீகம் பிரெஞ்சு. ஈடு வைத்து வாக்குக் கொடுப்பது என்று பொருள். கல்யாண நிச்சயதார்த்தத்துக்கு 'என்கேஜ்மென்ட்' என்று பேர் வந்ததும் அதனால்தான். தாம்பூலம் மாற்றிக்கொண்டு பத்து வருஷம் முகூர்த்தம் குறிக்காத பிள்ளை வீட்டாரை நம் ஊரில் சும்மா விடுவார்களா? சர்க்காரோ வருஷா வருஷம் புதிதாகத் தாம்பூலம் மாற்றுகிறது.

திண்டிவனத்துக் குடியானவரிடம் இந்தச் சூது கிடையாது. மல்லாட்டை பிடுங்க ஆள் 'கூப்பிடுகிறார்'; மாடு கன்றைப் பார்க்க ஆள் 'வைக்கிறார்'. கூப்பிட்டால் அன்றையக் கூலி, வைத்தால் பொறுப்பு. வருஷம் முழுக்க வைத்துக்கொண்டு, கூப்பிட்டேன் என்று அவர் சாதிப்பதில்லை.

தமிழில் பெயர்த்தவர்கள் செய்ததோ அதைவிட மோசம். இங்கிலீஷில் 'கெஸ்ட்', அதாவது விருந்தாளி. தமிழில் 'கௌரவ' ஆக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் இருந்தார்கள்; சம்பளம் வாங்காமல் உட்கார்ந்த பெரிய மனிதர்கள். அவர்களுக்கு நிலம் இருந்தது. இவர்களுக்கு இருப்பது டாக்டர் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் விருந்தாளி ஆசிரியருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்றது. 2023-இல் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கொடுத்தது 20,000.

"வெறும் வார்த்தைக்கா இத்தனை ஆத்திரம்?" என்று கேட்பவர்கள் கோர்ட்டுப் பக்கம் போனதில்லை. 2006 ஏப்ரலில், உமாதேவி வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், முறையான தேர்வில் வராத தாற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றார்கள். காரணம் நியாயமானதுதான். கொல்லைப்புற வழியில் ஒருவர் நுழைந்தால், வாசலில் காத்திருப்பவருக்குத் துரோகம். ஆனால் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது யார்? அதே தீர்ப்பில், அனுமதிக்கப்பட்ட காலியிடங்களில் பத்து வருஷம் உழைத்தவர்களை ஒருமுறை பரிசீலிக்கவும் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அதிகாரிகள் ஒட்டிவைத்துவிட்டார்கள். மத்திய நீர் ஆணையத்தின் ஆபீசைப் பல வருஷம் பெருக்கித் துடைத்த பெண்கள் ஜக்கோ வழக்கில் ஜெயித்தது 2024 டிசம்பரில். நீண்ட நாள் உழைத்தவர்களை விரட்ட உமாதேவி தீர்ப்பை ஆயுதமாக்குவதை அப்போது சுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது.

விருந்தாளி என்றால் வீட்டுக்காரர் ஒருவர் இருக்கவேண்டாமா? 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம், அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்கள் தேவை என்று விளம்பரம் செய்தது. அத்தனை நாற்காலிகளும் காலி என்று சர்க்காரே கையெழுத்துப் போட்ட மாதிரி. விருந்தாளிகள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலிகளில்தான். பரீட்சை அந்த ஆகஸ்டில் என்றார்கள், ஆகஸ்டில் நடக்கவில்லை.