மனப்பாடம்னு மட்டும் சொல்லாதீங்க!

"ஓப்பனிங்கா? கம்ப்யூட்டர்ல பாத்து உருப்போட்டுட்டு வந்து ஆடறாங்க. அதுல என்னய்யா திறமை?" கேன்டீனில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் இந்தப் பதிவு.

2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஜே போட்டி. வெள்ளையில் அரோனியன், கறுப்பில் அப்போதைய உலக சாம்பியன் ஆனந்த். ஓப்பனிங் செமி-ஸ்லாவ், அதிலும் மெரான். 13-வது நகர்த்தலில் அரோனியனின் குதிரை ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டு யானையைக் குறிவைக்கிறது. ஆனந்த் யானையைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு குதிரையை ராஜாவை நோக்கிப் பாய்ச்சுகிறார். பிஷப்பை வெட்டுக்கு வைக்கிறார். அப்புறம் இன்னொரு குதிரையையும். கடைசியில் யானையும் போகிறது. 23-வது நகர்த்தலோடு அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தயாரிப்பு இருந்தது, யார் இல்லை என்றார்கள்? அதே கம்ப்யூட்டர் அரோனியனிடமும்தானே இருந்தது? 1907-ல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டைன் இதே மாதிரி இரண்டு பிஷப்புகளையும் ராஜா பக்கம் திருப்பி, ராணியையே கொடுத்து, ரோட்லெவியை 25 நகர்த்தலில் முடித்தார். அவருக்கு எந்தக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது?

நானும் இதே மெரானை 12 நகர்த்தல் வரை உருப்போட்டுக்கொண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் போனேன். எதிராளி 9-வதிலேயே மாற்றி ஆடினான். அரைமணியில் அவுட். ஏன் அந்த நகர்த்தல் என்று தெரியாதவனுக்கு மனப்பாடம் அவ்வளவுதான் உதவும்.

ஃபைனல் அக்கவுண்ட்ஸ் ஃபார்மேட் நம்ம வகுப்பில் எல்லாருக்கும் அத்துப்படி. பேலன்ஸ் ஷீட் எத்தனை பேருக்கு டேலி ஆகிறது, மக்களே? :)