நெல்லிலே ஈரம், நெஞ்சிலே?



திருவரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் மண்ணச்சநல்லூர், லால்குடி. காவிரிக் கரையோடு மேற்கே நடந்தால் ஜீயபுரம், பெட்டவாய்த்தலை. அறுவடைக் காலத்திலே இந்தப் பக்கம் வந்து பாருங்கள். சாலையோரத்திலே நெல் குவிந்து கிடக்கும். அதன்மேல் தார்ப்பாய் விரிந்து கிடக்கும். பக்கத்திலே, கொசுக்கடியில் கண் விழித்தபடி, அந்த நெல்லை விளைவித்தவன் கிடப்பான். ஒரு கண்ணால் வானத்தைப் பார்ப்பான். மறு கண்ணால் லாரி வரும் வழியைப் பார்ப்பான்.

விலை இல்லையா? இருக்கிறது. 2025–26 பருவத்துக்குச் சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு டில்லி அறிவித்தது ரூ.2,389. தமிழ்நாட்டரசு அதன்மேல் ரூ.156 சேர்த்து ரூ.2,545 ஆக்கிற்று. பொது ரகத்துக்கு டில்லியின் ரூ.2,369-உடன் ரூ.131 சேர்த்து ரூ.2,500. விலை இருக்கிறது, வாங்க நிலையம் இருக்கிறது. பிறகு ஏன் இந்த இரவுக் காவல்?

கேட்டுப் பாருங்கள். சாக்கு வரவில்லை என்பார்கள். சாக்கு வந்தால் லாரி வரவில்லை. லாரி வந்தால் ஏற்ற ஆள் போதவில்லை. எல்லாம் வந்துவிட்டாலோ, மழையும் வந்துவிடும். ஈரப்பதமானியை நெல்லிலே வைப்பார்கள். முள் 17 விழுக்காட்டைத் தாண்டினால் முடிந்தது கதை. "காய வைத்துக் கொண்டு வா!" எங்கே காய வைப்பது? வெயில் என்ன ரேஷன் கடையிலா கிடைக்கிறது?

அரசே ஒரே கையாக நெல் வாங்குவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது நாம் பாடுபட்டு உண்டாக்கிய ஏற்பாடு. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தந்தார் அண்ணா. 1972-இல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. அது பிறந்ததால்தான் உழவன் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டாமல் நிமிர்ந்தான். பொன்மலைப் பட்டறையிலே சுத்தியல் பிடிக்கும் தோழனின் வீட்டு உலையிலே ரேஷன் அரிசி கொதிக்கிறதே, அது புறப்பட்ட இடம் இந்தக் கொள்முதல் நிலையந்தான். இதை மூடிவிட்டுத் தனியாரிடம் விடலாம் என்று யாராவது சொன்னால், அவன் உழவனுக்கும் பகைவன், தொழிலாளிக்கும் பகைவன்.

நான் கேட்பது வேறு. வாங்கும் செலவைக் கணக்கெழுதுகிறார்களே, காத்திருக்கும் செலவை யார் கணக்கிலே எழுதுகிறார்கள்?

நெல்லின் விலை, சாக்கு, சுமைக்கூலி, லாரி வாடகை, கிடங்கு, அரவைக் கூலி, வட்டி, எல்லாம் ஏட்டிலே ஏறுகிறது. தார்ப்பாய் வாடகையும், நெல்லைக் கிளறிக் காய வைத்த கூலியும், வாங்கிய கடனுக்கு ஏறுகிற வட்டியும் எந்த ஏட்டிலும் இல்லை. ஒரு சிறு கணக்குப் போடுங்கள். மூட்டைக்கு 40 கிலோ. 20 விழுக்காடு ஈரத்தை 17-க்கு இறக்கினால் எடையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ போய்விடும். பொது ரக விலைப்படி ரூ.36. அதாவது, மழை பெய்ததற்கு உழவன் கட்டும் வரி, மூட்டைக்கு ரூ.36! அதற்கு மேலே, மூட்டைக்கு இவ்வளவு என்று கையூட்டுக் கேட்கிறார்கள் என்ற புகார் வேறு.

பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், சுமை தூக்குவோர் ஆகிய இவர்கள் கையிலேதான் நிலையம் நடக்கிறது. இவர்களிலே பெரும்பாலோர் பருவகாலப் பணியாளர்கள். பருவம் முடிந்தால் வேலையும் முடியும். ஆளைக் குறைத்தோம், செலவு மிச்சம் என்று மேலே மகிழ்கிறார்கள். எது மிச்சம்? ஓர் ஆள் செய்ய வேண்டியதை இரண்டு நாள் தாமதமாக்கி, அந்த இரண்டு நாள் செலவை உழவன் தலையிலே இறக்கி வைத்தது மிச்சமா? அரைவயிற்றுக் கூலிக்கு ஒருவனை அமர்த்திவிட்டு, அவன் கை நீட்டுகிறானே என்று அங்கலாய்ப்பது என்ன நிர்வாகம்?

இனி டில்லிக்கு வருவோம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-இல் தொடங்கியபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் நமது தஞ்சையில், தலைமையகம் சென்னையில். பிறகு தலைமையகம் டில்லிக்குப் போயிற்று. அலுவலகம் போனது போகட்டும், அதிகாரமும் அல்லவா கூடவே போய்விட்டது! 2002 முதல் நெல்லை வாங்கிச் சேமித்து வழங்கும் வேலை தமிழ்நாட்டுக்கு. ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்று சொல்லும் உரிமை மட்டும் டில்லிக்கு!

2022 அக்டோபரில் 22 விழுக்காடு கேட்டோம், 19 தந்தார்கள். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மழை கொட்டியது. கடிதம் போயிற்று, குழு வந்தது, மாதிரி எடுத்தது, திரும்பிப் போயிற்று. 20 விழுக்காடு என்ற ஆணை வந்தது அந்த மாதப் பிற்பகுதியில். 2025 அக்டோபர் மழைக்குப் பிறகும் 22 கேட்டோம். குழுக்கள் வந்து போயின. நவம்பரில் மறுப்பு வந்தது. கோப்பு நகர வாரக்கணக்காகிறது. நெல் முளைக்க நாலு நாள் போதும்!

ஈர நெல் கிடங்கிலே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுக்கும் என்கிறார்கள். உண்மை, மறுக்கவில்லை. கெட்ட அரிசியைத் தொழிலாளி தின்னட்டும் என்று நாம் கேட்கவுமில்லை. அப்படியானால் நிலையங்களுக்கு உலர்த்தும் இயந்திரம் வரட்டும். ஈர நெல்லை எடுத்த எடுப்பிலே உலர்த்தி அரவைக்கு அனுப்பட்டும். உழவனின் முதுகையே உலர்களமாக்குவதுதான் தர நிர்ணயமா?

நம் கோரிக்கை மூன்று. மழைக்காலத்தில் ஈரப்பத வரம்பைத் தளர்த்தும் உரிமை மாநிலத்துக்கு வேண்டும். நிலையத்தை நடத்துவோருக்கு நிலையான வேலையும் நியாயமான ஊதியமும் வேண்டும். முறைச்சீட்டுத் தந்த நாளுக்கு மேல் நெல் காத்துக் கிடந்தால், அந்தக் காத்திருப்பின் செலவை அரசே ஏற்க வேண்டும். செலவு தன் ஏட்டிலே ஏறினால்தான் லாரி நேரத்துக்கு வரும்!

தோழனே, உனக்கும் ஒரு வேலை உண்டு. உன் ஊர் நிலையத்துக்குப் போ. ஈரப்பதமானி காட்டும் எண்ணை எல்லோர் காதிலும் விழப் படித்துச் சொல். கை நீட்டுகிறவன் எவனானாலும், நம் கொடியைத் தோளிலே போட்டவனேயானாலும், தடுத்து நிறுத்து. டில்லியைக் கேள்வி கேட்கும் உரிமை, தன் வீட்டு வாசலைப் பெருக்கியவனுக்குத்தான் உண்டு.

நெல்லிலே ஈரம் கூடினால் காய வைக்கலாம். ஆளுவோர் நெஞ்சிலே ஈரம் வற்றினால், அதை நனைக்க எந்தக் காவிரியாலும் ஆகாது!