கட்டி என்றதும் கர்ப்பப்பையை எடுப்பதா?

என் மனைவிக்கு அப்போது 46 வயது. மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. தாம்பரத்தில் ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்ததுமே, "பைப்ராய்டு கட்டி. எடுத்துவிடலாம், இனி எதற்கு அது?" என்றார்.

மறுநாளே எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் பரிசோதித்து, புற்று இல்லை என்று உறுதிசெய்து, மாத்திரை கொடுத்தார்கள். மாதவிடாய் நின்றதும் கட்டி தானே சுருங்கிவிட்டது.

பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் ஏழைப் பெண்களுக்கு நடந்த தேவையற்ற ஆபரேஷன்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு வந்தது.

சிலருக்கு ஆபரேஷன் அவசியம்தான். ஆனால் மருந்து, ஹார்மோன் லூப், கட்டியை மட்டும் எடுப்பது என்று வேறு வழிகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமலே தேதி குறிப்பது வைத்தியமல்ல, வியாபாரம். மகளிடமும் மருமகளிடமும் சொல்லி வையுங்கள்: இன்னொரு டாக்டரையும் கேட்கட்டும்.