அடித்த கைக்கு வக்காலத்தா?

தம்பி! செய்யூர்க் கடைவீதியில் கூட்டம் முடித்துத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நால்வர் சூழ்ந்துகொண்டனர். காதலியைக் கன்னத்தில் அறைந்த நண்பன் ஒருவனைப் பற்றிப் பேச்சு வந்தது. ஏன் அறைந்தானாம்?

"வேறொருவனோடு பேசினாளாம், அண்ணே!" என்றான் ஒருவன். "கைப்பேசியைக் காட்ட மறுத்தாளாம்" என்றான் அடுத்தவன். "அளவு கடந்த அன்பு, அதனால் வந்த ஆத்திரம்!" என்று தீர்ப்பே கூறிவிட்டான் மூன்றாமவன். நாலாமவன் வாய் திறக்கவில்லை. அவனைத்தான் நான் அதிகம் கவனித்தேன்.

அடித்தவன் அவன், காரணம் முழுவதும் அவளிடமாம்! ஆத்திரம் அறிவை மறைத்ததென்றால், அதே ஆத்திரம் ஆசிரியரிடமும் அதிகாரியிடமும் தன்னினும் பலசாலியிடமும் கை நீட்டவில்லையே, ஏன்? ஆள் பார்த்துப் பாய்வதற்குப் பெயர் ஆத்திரமா? ஆதிக்கம், தம்பி, ஆதிக்கம்!

பிள்ளைகளை மட்டும் பழித்துப் பயனில்லை. ஐ.நா. குழந்தைகள் நிதியத்தின் 2012ஆம் ஆண்டு அறிக்கையைப் பார். இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள ஆண்களில் நூற்றுக்கு 57 பேர், மனைவியைக் கணவன் அடிப்பதற்கு நியாயம் உண்டு என்றனர். பெண்களிலும் 53 பேர்! அடிபடப் போகிறவளே அடிக்கு நியாயம் கூறுகிறாளே, இந்தப் பாடத்தை எங்கே படித்தாள்? வீட்டு அடுப்பங்கரையில். சமையல் சரியில்லை, சொல்லாமல் வெளியே போனாள், எதிர்த்துப் பேசினாள்: அம்மா அடிபட்ட அன்று பாட்டி சொன்ன காரணங்கள் இவை. அவையே இன்று காதலிலும் குடியேறிவிட்டன. குழம்புக்குப் பதில் கைப்பேசி, அவ்வளவே மாற்றம்!

2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் ரயிலின் முன் தள்ளப்பட்டு மாண்டாள் ஒரு கல்லூரி மாணவி. பழகியவனை வேண்டாமென்று விலகினாள். அதுதான் அவள் செய்த 'குற்றம்'! தள்ளியவனே குற்றவாளி என்று 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் கூறிற்று. தேநீர்க் கடை நீதிமன்றமோ இன்னும் பெண்ணைத்தான் கூண்டில் ஏற்றுகிறது.

இத்தனைக்கும் நம் செங்கல்பட்டில், 1929 பிப்ரவரியிலேயே, சுயமரியாதை மாநாடு கூடி, துணையைத் தேர்ந்தெடுக்கவும் ஒவ்வாத மணத்தை முறிக்கவும் பெண்ணுக்கு உரிமை வேண்டுமென்றது. மணத்தையே முறிக்கலாம் என்றான பின், காதலை முறித்துக்கொள்ள அவள் யாரிடம் மனுப் போட வேண்டும்?

நான் மட்டும் யோக்கியனா? 'திமிர்' பிடித்த நாயகியை நாயகன் அறையும் காட்சி ஒன்றை என் நாடகத்திலே எழுதியவன்தான். நான் இரவெல்லாம் விழித்து எழுதிய வசனங்களுக்குக் கிடைக்காத கைதட்டல், அந்த அறைக்குக் கிடைத்தது! அந்தக் காட்சியைக் கிழித்தெறிந்துவிட்டேன். அடுத்த மாதம் செய்யூரில் அதே நாடகம். நால்வரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலாமவனுக்கு முன்வரிசையில் இடம் வைக்கும்படி கிளைச் செயலாளரிடம் கூறியிருக்கிறேன்.